மீதி இடம்

வீட்டுக்கு ஒரே மடிக்கணினி. வட்டில் இடமில்லை என்று வந்ததும் கணவர் சொன்ன முதல் யோசனை: "அந்த ஒப்பாரிப் பதிவையெல்லாம் அழிச்சிடேன்."

மாமல்லபுரத்தை ஒட்டிய கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் மீன் விற்று முடித்த பெண்கள் எனக்காகப் பாடியவை அவை. சுருக்காத வேவ் கோப்புகள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல். சுருக்கினால் இடையில் இழுக்கும் மூச்சும் பின்னால் கேட்கும் அலையும் மங்கிவிடுமோ என்று அப்படியே வைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவியில் பாஸ் லினக்ஸ் பழகியவள். "எதையும் அழிக்காதீங்க மேடம், முதல்ல பாப்போம்" என்று எங்கள் லினக்ஸில் கறுப்புத் திரையைத் திறந்து 'டிஎஃப் -எச்' என்று அடித்தாள். மொத்தம், பயன்பட்டது, மீதி என்று வரிசையாக வந்தது. கழித்துப் பார்த்தேன், மீதி குறைவாகவே இருந்தது. தமிழ் படித்தவளுக்குக் கணக்கு வராது என்று என்னையே நொந்துகொண்டேன். தப்பு என்னுடையதில்லையாம். எக்ஸ்ட்4 வட்டில் வழக்கமாக 5 சதவீதம் 'ரூட்' என்கிற தலைமைப் பயனருக்கு ஒதுக்கப்பட்டுவிடுமாம். அப்பா வெளியே போயிருந்தாலும் யாரும் உட்காராத எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலி ஞாபகம் வந்தது.

அடுத்து 'டியூ -எஸ்எச் *'. எந்தக் கோப்புறை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அது காட்டும். ஒப்பாரி 9 ஜிபி. அவருடைய அலுவலகக் கிரிக்கெட் காணொளிகள், மூன்று பிரதிகளாக, 140 ஜிபி.

இரவு திரையைக் காட்டினேன்.

"பேக்கப் இருக்கட்டுமேன்னு..." என்றார்.

இரண்டு பிரதிகளை அவர் கையாலேயே அழிக்கச் சொன்னேன். சனிக்கிழமை தேவனேரிக்குப் போகிறேன்.