எங்கள் லயத்துப் பிறந்தநாள்



பிறந்தநாள் என்றதும் டவுன் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் தட்டுத் தட்டான கேக்கும் பலூன்களும்தான் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. "அதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, நமக்கெதற்கு?" என்று சிலர் பேசாமல் இருந்துவிடுகிறோம். வேறு சிலர், பிள்ளை ஏங்குகிறதே என்று கடன்பட்டுச் செய்துவிட்டு மாதக்கணக்கில் தவணை கட்டுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நம் கையால், நம் அடுப்பில், நம்மிடம் இருப்பதைக் கொண்டு செய்வது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். என் அம்மாவுக்குத் தான் பிறந்த தேதி தெரியாது. கேட்டால், "பெரிய வெள்ளம் வந்தப்ப எனக்குப் பல்லு விழுந்து மொளச்சிருச்சு" என்பார். அது 1947 ஆம் ஆண்டு வெள்ளம். அதை வைத்து நாங்கள்தான் அவருக்கு ஒரு வயதைக் கணக்குப் பார்த்தோம். செக்ரோலில் அவருக்குப் பேர் இருந்தது, பிறந்தநாள் இருக்கவில்லை.

இது சின்ன விடயமல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று அத்தாட்சி கேட்டது. காட்டுவதற்குக் கடதாசி இல்லாமல் மலையக மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைத் தலை எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முடிவு வந்தது. ஆகவே "இந்தப் பிள்ளை இந்த நாளில், இந்த மண்ணில் பிறந்தது" என்று நாலு பேர் அறியச் சொல்வது எங்களுக்கு வெறும் கொண்டாட்டமில்லை.

என் அக்கா, 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு புருசனோடு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர். யுத்தத்தின் கடைசி நாட்களில் அவர் இல்லாமற் போனார். அவருடைய மகள் செட்டிக்குளம் முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் தன் ஒரேயொரு பெண்பிள்ளையோடு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். கணவன் திரும்பி வரவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அந்த ஒக்டோபரில் சின்னவளுக்கு ஆறு வயது நிறைந்தது. அதற்கு முன் ஒரு பிறந்தநாளும் அவளுக்கு நினைவில்லை. "நான் இன்றைக்குத்தான் பிறந்தேன் என்று ஆருக்கு அம்மாயி தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். சரி, லயத்துக்கே தெரியட்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் நான் பலூன் வாங்கத்தான் நினைத்தேன். "சின்னம்மா, பலூன் வேண்டாம். வெடித்தால் பிள்ளை மேசைக்குக் கீழே போய்விடும்" என்றாள் அக்கா மகள். யுத்தத்தைப் பார்த்த பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். பலூனும் பட்டாசும் வேண்டாம். கண்ணைக் கட்டி விளையாடும் விளையாட்டுக்கும் கட்டாயப்படுத்த வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைக்குப் பழகிய ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஐம்பது பேரை அழைப்பதைவிட அதற்குத் தெரிந்த ஐந்தாறு பிள்ளைகள் போதும்.

இனி கேக்குக்கு வருவோம். மலைநாட்டில் கேக் செய்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கொழும்புப் புத்தகத்தில் உள்ள அளவு இங்கே அப்படியே சரிவராது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கும் மேல், நுவரெலியா 6,000 அடிக்கும் மேல். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடர் மாவைச் சட்டென்று தூக்கிவிடும். உள்ளே வெந்து இறுகுமுன் நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். ஈரமும் சீக்கிரம் வற்றும். ஆகவே பேக்கிங் பவுடரையும் சீனியையும் கொஞ்சம் குறைத்து, ஈரப்பசையைக் கூட்ட வேண்டும். குளிரில் மாஜரீன் கட்டியாகக் கிடந்து அடிக்கவும் முடியாது. இதற்கெல்லாம் ஏற்றது எண்ணெய் விட்டுச் செய்யும் கரட் கேக். கரட் எங்கள் மண்ணில் விளைவது. ஈரத்தையும் இனிப்பையும் அதுவே தரும்.

ஒரே தேநீர்க் கோப்பையால் அளந்துகொள்ளுங்கள். கோதுமை மா 2 கோப்பை, சீனி முக்கால் கோப்பை, எண்ணெய் முக்கால் கோப்பை, துருவிய கரட் 2 கோப்பை, முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கீழ்நாட்டில் இருப்பவர்கள் பேக்கிங் பவுடரை 2 தேக்கரண்டியாகப் போடலாம். மா, பேக்கிங் பவுடர், கறுவாத்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை அரித்தெடுங்கள். முட்டையைச் சற்று நேரம் இளஞ்சூட்டு நீரில் போட்டு வைத்து, பிறகு உடைத்துச் சீனியோடு நுரைக்க அடியுங்கள். எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுங்கள். மாவையும் கரட்டையும் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். மா சேர்ந்த பிறகு அதிகம் அடித்தால் கேக் கல்லாகிவிடும்.

போறணை இல்லையே என்று கவலை வேண்டாம். அடிகனமான பெரிய சட்டியில் கழுவிக் காய்ந்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, மூடி, விறகடுப்பில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். எண்ணெய் தடவி மா தூவிய சின்ன அலுமினியச் சட்டியில் கலவையைப் பாதியளவுக்குச் சற்று மேலாக ஊற்றி, மணல்மேல் வையுங்கள். தட்டையான மூடியால் மூடி, அதன்மேல் கொஞ்சம் தணலைப் பரப்புங்கள். மேலும் கீழும் சூடு பிடித்தால்தான் கேக் சீராக வேகும். அடுப்பு நிதானமாக எரியட்டும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. முக்கால் மணி நேரத்துக்குப் பின் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். ஒரு கோப்பை ஐசிங் சீனியில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் இரண்டு சொட்டு பீற்றூட் சாறும் விட்டுக் குழைத்தால் ரோசா நிறத்தில் மேலே பூச ஒரு பூச்சு கிடைக்கும்.

அலங்காரத்துக்குக் காசு செலவில்லை. பழைய சேலையை முக்கோணமாக வெட்டி நூலில் கோத்தால் தோரணம். பழைய கலண்டர் தாளைச் சுருட்டி ஒட்டினால் தொப்பி. பைன் காடுகளில் விழுந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கிக் காயவைத்து, நூல் கட்டித் தொங்கவிட்டால் பார்க்க அழகு. இவற்றைப் பிள்ளைகளையே செய்ய விடுங்கள். இரண்டு நாட்கள் நாலு பிள்ளைகளோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து தோரணம் கோத்ததில்தான் எங்கள் சின்னவள் லயத்துப் பிள்ளைகளோடு பேசத் தொடங்கினாள்.

மெழுகுதிரிக்குப் பதிலாக அக்கா மகள் ஒன்று செய்தாள். வன்னியில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் சனங்கள் பாவித்த சிக்கன விளக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, பஞ்சு ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவது. "விளக்கை ஊதி அணைக்க வேண்டாம் சின்னம்மா, பிள்ளை ஏற்றட்டும்" என்றாள். சின்னவள் ஏற்றினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நம் வழக்கத்துக்கும் அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு விளக்கேற்றுவதுதான் வழக்கம்.

விளையாட்டுக்குத் தேசிக்காய்–கரண்டி ஓட்டம் வைத்தோம். கதிரை இல்லாததால், சாக்குகளை வட்டமாக விரித்துச் சங்கீதக் கதிரையும் வைத்தோம். பரிசு, ஆளுக்கொரு பென்சில். கேக்கோடு அவித்த கடலையும் தேநீரும் கொடுத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அன்று ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்த நாள் முடிந்த கையோடு அக்கா மகள் இன்னொரு வேலையையும் தொடங்கினாள். வடக்கில் நடந்த நடமாடும் சேவையொன்றுக்குப் போய்ப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பித்து வாங்கி வந்தாள். சகோதரிகளே, பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். காலம் கடந்திருந்தாலும் பதிய வழியுண்டு. தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வருடாவருடம் பிறந்தநாளன்று சான்றிதழை எடுத்துப் பார்த்து, பேரும் தேதியும் சரிதானா என்று வாசித்துவிட்டுப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாகச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. அரைப்பேர் விழும் நாட்களை நினைத்தால் அது கையில் நிற்காது. கடைக் கேக் ஒன்று இரண்டு மூன்று பேரைத் தின்றுவிடும். 2022 இல் மாவும் சீனியும் விலையேறியபோது அக்கா மகள் அளவைப் பாதியாக்கிச் சின்னக் கேக்காகச் செய்தாள். விளக்கு மட்டும் மாறவில்லை. இப்போது லயத்து வீடுகளுக்குச் சொல்லி வைத்தால் அவளே கேக் செய்து கொடுக்கிறாள். மா, முட்டை, விறகு எல்லாவற்றின் விலையோடு தன் அரைநாள் கூலியையும் கணக்கில் எழுதித்தான் விலை சொல்வாள். நம் கை வேலைக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யாரும் போடமாட்டார்கள். அடுப்பும் சட்டியும் உள்ள எந்தச் சகோதரியும் இதைச் சிறு தொழிலாகச் செய்யலாம்.

உங்கள் பிள்ளையின் அடுத்த பிறந்தநாள் எப்போது என்று இன்றே கலண்டரில் குறித்து வையுங்கள். பெற்றோரை இழந்து உங்கள் பொறுப்பில் வளரும் பிள்ளை இருந்தால் அதன் நாளையும் மறக்காமல் குறியுங்கள். கேக் அமிழ்ந்தாலும் பரவாயில்லை, ரொட்டி சுட்டாலும் பரவாயில்லை. அந்த நாளில் ஒரு விளக்கை ஏற்றி, பிள்ளையின் பேரைச் சொல்லி வாழ்த்துங்கள்.