சந்திரகிரிக்கு ஒரு பகல் கொடு

ரேணிகுண்டா

அன்புள்ள தம்பிக்கு,

  அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று நீ சொன்னதில் மனசு லேசானது.

பொங்கல் லீவில் குடும்பத்தோடு வருகிறோம், திருமலையில் தரிசனம் முடிந்து ஒரு முழு நாள் கையில் இருக்கும், அந்த ஒரு நாளில் காளஹஸ்தி, திருச்சானூர், கபில தீர்த்தம், சீனிவாச மங்காபுரம், கடைசியில் நேரமிருந்தால் சந்திரகிரி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரி வண்டியைப் பிடித்துவிடலாமா என்று போனில் கேட்டாய். கார் வைத்துக்கொண்டால் பிடித்துவிடலாம். ஆனால் நீ சொன்ன அந்த வரிசையில் சந்திரகிரி கடைசியில் வந்தது, அதுவும் "நேரமிருந்தால்" என்று வந்தது, எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் இதை விளக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் சித்தி மகன் மும்பையிலிருந்து வந்தான். காலையில் ரேணிகுண்டாவில் இறங்கினான், ராத்திரி கூடூர் பக்கம் போகிற வண்டியில் ஏற வேண்டும். நடுவில் ஒரு பகல்தான். "கோயிலுக்கு அப்பாவோடு இன்னொரு தடவை வருகிறேன் அக்கா, இந்தப் பக்கத்தில் ஒரு பழைய ஊரைக் காட்டு" என்றான். பெட்டியை வீட்டில் போட்டான், குளித்தான், இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டான், கிளம்பிவிட்டோம். திருப்பதிக்குப் பத்து கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பல்லெ வெலுகு பஸ்ஸில் மேற்கே இன்னும் கொஞ்ச தூரம். பதினோரு மணிக்கெல்லாம் கோட்டை மதிலுக்குள் நின்றோம்.

பின்னால் மொட்டைப் பாறை மலை. அதன் அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே, மூன்று அடுக்கு ராஜ மஹால். அந்தப் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். முகப்பில் வரிசை வரிசையாக வளைவுகள். அவை சுல்தான்களின் கட்டடங்களில் நாம் பார்க்கிற கூரான வளைவுகள். மேலே தலை தூக்கினால் கோயில் விமானம் போன்ற சிகரங்கள். கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, இவ்வளவுதான் பொருள். மரமே சேர்க்காமல் மூன்று மாடியையும் எழுப்பியிருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே தர்பார் மண்டபத்தில் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. சுவர்கள் அவ்வளவு பருமன்.

இந்த மரம் இல்லாத விஷயத்தை நீ மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹம்பிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ராஜாவின் அரண்மனை என்று கைடு காட்டிய இடத்தில் கல்லால் ஆன அடிமேடை மட்டும்தான் இருந்தது. மேலே எழுந்திருந்த மரக் கட்டுமானம் தலைக்கோட்டைப் போருக்குப் பின் நெருப்பில் போய்விட்டது. தாமரை மஹால், யானை லாயம் மாதிரி செங்கல்லும் சாந்தும் சேர்த்துக் கட்டியவை பிழைத்து நிற்கின்றன. விஜயநகர ராஜாக்கள் எப்படிப்பட்ட கூரையின் கீழ் உட்கார்ந்து நாட்டை ஆண்டார்கள் என்று தெரிந்துகொள்ள, மாடியும் மண்டபமும் கூரையும் முழுசாக நிற்கிற இடம் வேண்டுமென்றால், உனக்கு ஒரு பகல் தூரத்தில் சந்திரகிரி இருக்கிறது.

தம்பி, அது வெறும் கோட்டை இல்லை, ஒரு தலைநகரம். கி.பி. ஆயிரத்தை ஒட்டி யாதவ மன்னர்கள் எழுப்பிய கோட்டை என்று சொல்வார்கள். சாளுவ நரசிம்மர் இங்கே தலைவராக இருந்து வளர்ந்து, 1485-இல் விஜயநகர சிம்மாசனத்திலேயே ஏறினார். கிருஷ்ணதேவராயர் தன் தம்பி அச்சுதராயரை வைத்திருந்தது இந்தக் கோட்டையில்தான். அண்ணன் காலமானதும் 1529-இல் இங்கிருந்து போய் அச்சுதராயர் முடிசூடினார். 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்து ராமராயர் விழுந்தார். உயிரோடு தப்பிய தம்பி திருமலர் கருவூலத்தோடு பெனுகொண்டாவுக்குப் போனார். அங்கேயும் தக்காணத்துச் சுல்தான்களின் படை விடவில்லை. திருமலரின் மகன் இரண்டாம் வேங்கடபதி ராயர் 1592-இல் தலைநகரை இன்னும் தெற்கே, இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச வருஷத்தில் வேலூரும் ராஜ வாசஸ்தலமாகிவிட்டது. 1640-களில் கோல்கொண்டா படை வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது. சுமார் அரை நூற்றாண்டு, அவ்வளவுதான் இந்த ஊரின் ராஜபோகம்.

ஆனால் அந்த அரை நூற்றாண்டில் நம் பக்கத்து விஷயங்கள் எத்தனை இங்கே முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன! மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் பெயரளவுக்காவது கப்பம் கட்ட வேண்டியிருந்தது இந்த ராயருக்குத்தான். பழவேற்காட்டில் கால் ஊன்ற டச்சுக்காரர்கள் அனுமதி வாங்கியது 1610-இல், இந்த வேங்கடபதியிடம். 1614-இல் அவர் கண் மூடியதும் வாரிசுச் சண்டை மூண்டது, காவிரிக்கரையில் கல்லணைக்குப் பக்கத்துத் தோப்பூர் வரை போய் ரத்தம் சிந்தியது. இவையெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் வேறு வேறு பாடங்களில் துண்டு துண்டாகப் படித்தவை. அந்தத் தர்பார் மண்டபத்தில் நின்றபோது அத்தனையும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தது போல எனக்கு இருந்தது.

இன்னொன்று. உன் ஊரையே எடுத்துக்கொள். சென்னை என்கிற பெயர் தாமர்லா சென்னப்ப நாயக்கரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அவர் மகன் வேங்கடப்ப நாயக்கர் ராயருக்குக் கீழே கடற்கரைச் சீமையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே அவரிடம்தான் கோட்டை கட்ட இடம் வாங்கினார். 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்து சாசனம் கொடுத்தார். ஒவ்வொரு ஆகஸ்டும் சென்னை தினம் கொண்டாடுகிறீர்கள், ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி நடக்கிறீர்கள். அந்த இடத்தைக் கொடுத்த அரசின் தலைநகரம் மூன்று நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. சென்னைக்காரன் ஒவ்வொருவனும் ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டிய ஊர் இது என்று நான் மனசாரச் சொல்கிறேன்.

சித்தி மகனோடு போன அன்று நேரம் நம் கையில் இல்லை. மஹாலுக்குள்ளேயே தொல்லியல் துறை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. செப்புத் திருமேனிகள், கற்சிலைகள், பழைய ஆயுதங்கள். கண்டிக்கோட்டை, யாகண்டி, நம் ரேணிகுண்டாவுக்குப் பக்கத்துக் குடிமல்லம் எனப் பல இடங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் அவன் நிற்பான், உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ராணி மஹாலை வெளியே இருந்தே சுற்றினோம். கோட்டைக்குள் இடிந்து கிடக்கிற சின்னச் சின்னக் கோயில்களை எட்ட நின்று கும்பிட்டதோடு சரி. குளக்கரையில் ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவன், "நூறு போட்டோ எடுத்திருக்கிறேன் அக்கா, ஆனால் அந்த மண்டபத்தில் எத்தனை தூண் என்று கேட்டால் தெரியாது" என்றான். அவனுக்கு வேறு வழியில்லை, வண்டி நேரம் அப்படி. உனக்கு ஒரு முழு நாள் இருக்கிறது. அதை ஐந்து ஊருக்குப் பங்கு போட்டுவிடாதே என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்தச் சீமையில் வந்து குடியிருக்கிற எனக்குத் தலைநகரம் என்கிற விஷயமே வேறு மாதிரி படுகிறது. 1911 வரைக்கும் சந்திரகிரி வடஆர்க்காடு மாவட்டத்துத் தாலுகா. அந்த வருஷம் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 1953-இல் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது தலைநகரம் கர்நூல். 1956-இல் ஹைதராபாத். 2014-இல் தெலங்கானா பிரிந்ததும் ஹைதராபாத் அந்தப் பக்கம் போயிற்று, இங்கே அமராவதி என்று ஆரம்பித்தார்கள். 2022-இல் எங்கள் மாவட்டமே திருப்பதி மாவட்டம் ஆகிவிட்டது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் 1953-இலிருந்து வந்த மாற்றங்கள் அத்தனையையும் தன் ஆயுசிலேயே பார்த்திருக்கிறார். தலைநகரங்கள் இடம் மாறும். ஹம்பி, பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று ராயர்களும் ஓடியிருக்கிறார்கள். அதிகாரம் போன பிறகு எந்த ஊரில் என்ன மிஞ்சியது, அதை ஜனங்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் வருஷத்தை மனப்பாடம் செய்கிற உன் மகளுக்கு அந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

திருமலைக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பும் நீ சொன்ன வரிசையில் விட்டுப்போகிறது. தரிசனத்துக்குப் போகும்போது கோயில் வாசலைத் தாண்டியதும் கிருஷ்ணராய மண்டபத்தைக் கவனி. கூட்டம் தள்ளும், ஆனாலும் வலப்பக்கம் ஒரு கண் வை. கிருஷ்ணதேவராயர் தன் இரண்டு ராணிகளோடு கைகூப்பி நிற்பார். எதிரே நம் வேங்கடபதி ராயரும் செம்பில் நிற்கிறார். சந்திரகிரியில் அரசாண்டவர் அங்கே பக்தராக நிற்கிறார். கோயில் சுவர்களில் இருக்கிற கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை என்பதையும் பிள்ளைகளிடம் சொல். முதல் நாள் அவரை அங்கே பார்த்துவிட்டு மறுநாள் அவர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால், அவர்கள் ஆசையோடு வருவார்கள்.

இப்போது நான் சொல்கிற மாதிரி வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அருங்காட்சியகம் மூடியிருக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பி முதலில் சீனிவாச மங்காபுரம். கல்யாண வேங்கடேஸ்வரரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் ஸ்ரீவாரி மெட்டு பக்கத்தில்தான். சந்திரகிரி ராஜாக்கள் மலைக்கு நடந்த பாதை என்று இந்தப் பக்கத்தார் சொல்வார்கள், 2,388 படி. ஏற வேண்டாம், அடியில் நின்று பாதையைப் பார்த்தால் போதும். பத்து மணிக்குச் சந்திரகிரி. மத்தியானம் வரை அங்கேயே இருங்கள். சாப்பாடு நான் கட்டித் தருகிறேன், புளியோதரையும் தயிர்சாதமும். மாலையில் திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், வழியிலேயே இருக்கிறது. காளஹஸ்தியை அடுத்த பயணத்துக்கு வை. அது வேறு திசை, அதற்கும் ஒரு நாள் தனியாகக் கொடுக்க வேண்டிய ஊர்தான்.

தெரியாத ஊரில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நிறைய இடம் பார்க்கத்தான் மனசு துடிக்கும். அப்படிப் பார்த்த இடங்கள் மறுவாரமே ஒன்றோடொன்று கலந்துவிடும். நேரம் குறைவாக இருக்கிறபோதுதான் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கோட்டைக்குள் தரை சமம்தான், மாடி ஏற வேண்டியதில்லை, கீழ் மண்டபத்தில் நான் அவளோடு உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், மாமா அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் மனைவியிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா