ஜாடியும் அதனுள் இருப்பதும்



நமது ஆலயத்திற்கு உயர்ந்த கோபுரம் வேண்டும் என்று கடந்த ஆண்டு உங்களை வற்புறுத்தியவன் நானே. அண்மையில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நின்றபோது என் உள்ளம் என்னைக் கடிந்துகொண்டது.

1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்க், மறு ஆண்டே கடலோரத்தில் ஒரு சிற்றாலயம் கட்டினார். அது நிலைக்கவில்லை. பின்னர் 1718-இல், சிலுவை வடிவில், இன்று நாம் காணும் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முடியும் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டடக்கலையில் ஐரோப்பியச் சாயல் உண்டு; உள்ளே ஒலித்ததோ நம் தமிழ். தமிழ்ப் புதிய ஏற்பாடு அதற்கு முன்னரே, 1715-இல், அவ்வூரில் அச்சேறி முடிந்திருந்தது. ஆம், கட்டடத்திற்கு முன்பே வசனம் சபையின் கைக்கு வந்துவிட்டது.

அப்புதிய ஆலயத்தில் அவர் ஊழியம் செய்தது சில மாதங்களே. 1719 பிப்ரவரியில், தமது 36-ஆம் வயதில் மரித்து, அதனுள்ளேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

விருத்தாசலத்தாராகிய நமக்குச் சூளையும் பீங்கானும் புதியவை அல்ல. ஜாடி எவ்வளவு பளபளத்தாலும், வீட்டார் தேடித் திறப்பது உள்ளே இருப்பதற்காகவே. 2 கொரிந்தியர் 4:7-ஐ இவ்வாரம் வாசித்துத் தியானியுங்கள்.

கோபுரத்திற்கெனச் சேர்ந்த காணிக்கையின் முதற்பங்கை, எழுத்தறியாத நம் முதியோர் வேதம் வாசிக்கக் கற்கும் வகுப்பிற்குத் தர அடுத்த சபைக்கூட்டத்தில் உங்கள் சம்மதம் கேட்பேன். ஜெபத்தோடு வாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.