இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நாடு

இந்தியாவை மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவர எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒற்றை வரியில் பதில் இருக்கிறது: 78 நாள், 13,900 கி.மீ. எதற்காகப் போனீர்கள் என்று கேட்டால்தான் சிக்கல். பெட்ரோல் விற்கிற விலையில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒருவன் இரண்டரை மாதம் வண்டி ஓட்டுவது குடும்பஸ்தர்களுக்கு நியாயமாகப் படாத காரியம். என் மனைவிக்கும் படவில்லை. "ஒரு இடத்துக்குப் போறதுன்னா சரி. சுத்தி வர்றதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

உண்மையான காரணம் ஊர்ப் பெயர்கள். பதினைந்து வருடங்களுக்கு மேலாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைத்தவன் நான். எங்கோ ஒரு மாவட்டத்தில் வெள்ளம், எங்கோ துப்பாக்கிச் சூடு, எங்கோ இடைத்தேர்தல். செய்தியைத் தமிழில் கொண்டுவருவது கஷ்டமில்லை. அந்த ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் உதவி ஆசிரியர்களுக்குள் வாராவாரம் தகராறு. சதியாவா, சாடியாவா? கட்சா, கச்சா? 'லே' என்று நிறுத்துவதா, 'லெஹ்' என்று மூச்சு விடுவதா? அங்கே போய்வந்தவர்கள் யாரும் எங்கள் அறையில் இல்லை. நாற்பது வயது நிறைந்தபோது, சேர்ந்திருந்த விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் ஒட்டுப்போட்டு, பெயர்களைக் காதால் கேட்டுவிட்டு வருவது என்று 2017 ஆகஸ்ட் 16 அன்று சென்னையிலிருந்து கிளம்பினேன்.

வண்டி, 1994ஆம் வருடத்து புல்லட் 350. திருவொற்றியூரில் பிறந்தது; கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கே பொருத்த ஆரம்பித்த வண்டியின் அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு அதிகம் மாறவில்லை. மாறாததில் ஒரு லாபம் உண்டு. நாட்டின் எந்த மூலையிலும் அதைக் கழற்றிப் பழகிய கை ஒன்று இருக்கும். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் வண்டிக்கும் கோபம், முதுகுக்கும் கோபம். லிட்டருக்கு முப்பத்துச் சொச்சம் கி.மீ. கொடுத்தது. மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல் பழைய கேபிளோடு சேர்த்தே இழுத்துக் கட்டிவைத்தேன். அறுந்தால் இரண்டு முனைகளை மட்டும் மாட்டினால் போதும். ராஜஸ்தானில் பார்மேருக்கு அப்பால், ஆளில்லாத சாலையில் அது அறுந்தது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். பயணம் முழுக்க நான் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை 5,846 கி.மீ. அதில் சுற்றினால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். ஆனால் அது நாட்டைச் சுற்றுவதாகாது, கருவறைக்குள்ளேயே சுற்றுவது. நான் வெளிப் பிராகாரத்தில் போக நினைத்தேன். கன்னியாகுமரியில் திரும்பி மேற்குக் கரையோரமாக ஏறி, கட்ச், ராஜஸ்தான், பஞ்சாப், லடாக், காஷ்மீர். பிறகு உத்தரப் பிரதேசம், பிகார், சிலிகுரி வழியே வடகிழக்கு. கொல்கத்தாவிலிருந்து கிழக்குக் கரையில் இறக்கம். இப்படிப் போனால் நாடு எப்போதும் வலப்பக்கம் இருக்கும். பாதிக்குமேல் வானிலைக் கணக்கு அது. லடாக் கணவாய்கள் அடைபடுவதற்குமுன் அங்கே போய்ச் சேர வேண்டும். பரூச்சில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். நர்மதையை வலப்பக்கம் வைத்து, கரை மாறாமல் நடந்தே சுற்றிவரும் பரிக்கிரமாவாசிகள் கடந்துபோகும் ஊர் அது. 1881ல் கட்டிய பழைய பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவனிடம் வழியைக் கேட்டார். சொன்னேன். "ஓ, பரிக்கிரமா" என்றார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை. மறுத்து விளக்கம் சொல்ல என் ஹிந்தி போதவில்லை.

'நேரே' என்ற சொல் என்னைக் கார்வார் வரை கொண்டுபோய் விட்டது. தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வழி கேட்டால் அதுதான் பதில். கோவாவுக்கு அப்பால் 'சீதா' வந்து சேர்ந்துகொண்டது. பஞ்சர் எல்லா இடத்திலும் பஞ்சர்தான். அதற்கு எந்த மொழியும் சொந்தம் கொண்டாடவில்லை. நம்மூர் மேஸ்திரி செங்கல் அடுக்குபவர். வடக்கே மிஸ்த்ரி என்றால் தச்சர், மெக்கானிக், எல்லாம். இருவரும் போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரே'யின் பேரப்பிள்ளைகள் என்பதை லூதியானாவில் ஒரு மிஸ்த்ரியிடம் சொன்னேன். அவர் கார்புரேட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

வழிகாட்டியவர்கள் லாரி ஓட்டுநர்கள். வரைபடத்தில் இல்லாததெல்லாம் அவர்களிடம் இருந்தது. எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்த தாபாவில் பருப்பு நம்பிச் சாப்பிடலாம், எந்த ஊரைப் பொழுது சாய்வதற்குள் தாண்ட வேண்டும். எம்.ஏ. வகுப்பில் ஆற்றுப்படை நூல்களை வள்ளலிடம் பரிசு பெறும் பாட்டு என்றே படித்தோம். மலைபடுகடாத்தில் பாதிக்கு மேல் பாதை எச்சரிக்கைதான்: பாம்புப் புற்று, தினைப்புனக் காவலரின் கவண்கல், வழுக்கும் பாறை, எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்பது. தாண்டியில் ஒரு பஞ்சாபி ஓட்டுநர் எனக்குச் சொன்னதும் அந்த வகைதான். அங்கே பெட்ரோல் நிலையத்தில் 'அடுத்த நிலையம் 365 கி.மீ.' என்று அப்போது பலகை இருந்தது. கேன்களில் ஒன்பது லிட்டர் வாங்கிக் கட்டினேன். "ஓடைகளை முற்பகலிலேயே தாண்டிவிடு" என்றார் அவர். வெயில் ஏறினால் மேலே பனி உருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர் பிற்பகலில் என்ஜின் உயரத்துக்கு வந்துவிடும். கண்ணாரக் கண்டேன்.

லடாக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். காட்டா வளைவுகள் 21லும் முதல் கியரில் மூச்சுத் திணறி ஏறினேன். மெல்லிய காற்றில் மனிதனைப் போலவே கார்புரேட்டருக்கும் தலை சுற்றுகிறது. வளைவுகளில் ஓரிடத்தில், தாகத்தால் இறந்ததாகச் சொல்லப்படும் ஒருவரின் ஆவிக்கு ஓட்டுநர்கள் தண்ணீர் பாட்டில் படைக்கிறார்கள், சிகரெட்டும்கூட. நம்மூர் முனிக்குச் சுருட்டு வைப்பதைப் போல. பின்னால் உதிரி பாகங்களோடு வேன் வர, ஹெல்மெட்டில் கேமராவோடு இருபது பேர் சேர்ந்து போகும் கூட்டங்களையும் அங்கே பார்த்தேன். அதுவும் பயணம்தான். கல்யாண ஊர்வலமும் நடைதானே!

கட்சின் கோட்டேஷ்வரில் செப்டம்பர் தொடக்கத்தில் மாலை 7 மணி தாண்டித்தான் சூரியன் மறைந்தது. அடுத்த மாதம் சதியாவில் ஐந்து மணிக்குள் இருட்டிவிட்டது. கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. அஸ்ஸாமின் பல தேயிலைத் தோட்டங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 'பாகான் நேரம்' என்று தங்களுக்கெனத் தனி நேரம் வைத்திருப்பதன் நியாயம் அங்கே நின்றால் புரியும். அந்த ஆண்டு மே மாதம்தான் லோஹித் ஆற்றின் மேல் 9.15 கி.மீ. நீளப் பாலம் திறந்திருந்தார்கள். பாலத்தின் மேல் நின்ற ஒரு பையனிடம் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னேன். சதியாவும் இல்லை, சாடியாவும் இல்லை. முதல் எழுத்து தொண்டையை உரசிக்கொண்டு வருகிற ஒரு காற்று. தமிழில் அதற்கு மிக அருகே நிற்கும் எழுத்து ஆய்தம். 'ஃ' போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். அச்சில் யார் ஒப்புவார்கள்? ஆனாலும் தகராறு எனக்குள் தீர்ந்தது.

மோரேக்கு அக்டோபர் 14 அன்று போய்ச் சேர்ந்தேன். இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ.; பள்ளேல் தாண்டியதும் மலை. வழியில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் சோதனைச் சாவடியில் பையைப் பிரித்து, ஊறுகாய் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஊருக்குள் நுழைந்தால், மியான்மர் எல்லையில், தமிழ்ப் பெயர்ப் பலகை. அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில். தமிழ்ச் சங்கம். கோயிலுக்கு அருகே தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், வண்டியின் எண் பலகையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருப்பா?" என்றார்.

"சென்னைம்மா."

"மெட்ராஸா? கப்பல்ல வந்து இறங்கின ஊரு. எனக்கு அப்ப பத்து வயசு. கேம்ப்புல போட்டாங்க. அப்பா ஒரு வருஷம் பொறுத்துப் பாத்தாரு. திரும்பி பர்மாவுக்கே போயிடலாம்னு நடந்தே கூட்டியாந்தாரு. இங்க வந்ததும் விடலை. இங்கயே உக்காந்துட்டோம்."

1962ல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும் கடைகளை அரசுடைமையாக்கியதும், இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறியதும் வரலாறு. சென்னையில் பர்மா பஜாரும், கடற்கரைச் சாலை அத்தோ கடைகளும் அந்த வரலாற்றின் ஒரு கிளை. மோரே இன்னொரு கிளை. நடந்தே திரும்பப் போனவர்களின் ஊர். ஒரு காலத்தில் பல ஆயிரம் தமிழர்கள் இருந்த இடம். தொண்ணூறுகளின் குகி-நாகா மோதல்களுக்குப் பிறகு பலர் கிளம்பிவிட்டார்கள். அந்த அம்மாள் மைத்தேயி, குகி, பர்மியம், ஹிந்தி எல்லாம் பேசினார். தமிழ் எழுதத் தெரியாது. "பர்மாவுல எங்களைக் கலான்னாங்க. மெட்ராஸ்ல பர்மாக்காரங்கன்னாங்க. இங்க மதராசி. சரி, எதாச்சும் ஒண்ணு சொல்லித்தானே கூப்பிடணும்" என்றார். ஒரு பொட்டலம் முறுக்குக்குக் காசு கொடுத்தேன். "தீபாவளிக்கு வந்த புள்ளை" என்று கையைத் தட்டிவிட்டார். ஊரின் பெயரை அவர் சொன்னபடியே எழுதினேன். மோரே. கடைசியில் நீட்டம் உண்டு.

எல்லைக் கதவைத் தாண்டி அப்பால் உள்ள சந்தைக்கு அன்று பகலில் நடந்தே போய்வர முடிந்தது. இருபுறத்து மலைமக்களும் 16 கி.மீ. வரை தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு அப்போது இருந்தது. 2024 பிப்ரவரியில் அதை முடிவுக்குக் கொண்டுவருவதாக மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2023 மே மாதம், மைத்தேயி-குகி மோதலின் தீ மோரேக்கும் வந்தது. நான் இட்லி சாப்பிட்ட தெரு எது, எரிந்த தெரு எது என்று படங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அந்த வாரம் மொழிபெயர்ப்புக்கு வந்த செய்தியில் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று யாரும் சண்டை போடவில்லை.

கிழக்குக் கரை இறக்கத்தில், ஸ்ரீகாகுளம் தாண்டி, பால் கேன்களோடு ஒருவர் சாலையில் கிடந்தார். மோதிய வாகனம் போய்விட்டது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது பேர் நின்றார்கள், யாரும் தொடவில்லை. எனக்குப் பின்னால் வந்த நாமக்கல் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து, "தூக்காதீங்க சார், கழுத்தை அசையாம புடிச்சுக்கங்க" என்றார். 108க்கு யாரோ ஒருவரைப் பேசச் சொன்னோம். ஆம்புலன்ஸ் வந்ததும் ஓட்டுநர் கிளம்பினார். "நான் நின்னா லாரியைப் பிடிச்சு வச்சிருவாங்க. நீங்க படிச்சவரு, நில்லுங்க." நின்றேன். உதவியவர்களைக் கட்டாயப்படுத்திச் சாட்சியாக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016ல் ஒப்புதல் கொடுத்த விதிமுறையை நான் மொழிபெயர்த்திருக்கிறேன்; 2019ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவாக ஏறிவிட்டது. அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. கான்ஸ்டபிள் தொலைபேசி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். நெல்லூரில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு. "பதிகாடு சார்" என்றார். பிழைத்துவிட்டாராம்.

2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 45 சதவிகிதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். என் மனைவி கேட்ட கேள்விக்குள் இந்தக் கணக்கும் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நவம்பர் 1 அன்று கொட்டும் மழையில் நான் வீடு சேர்ந்தபோது, வண்டியை விற்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "நமுத்துப்போச்சு" என்றாள்.

2024ல் அண்ணன் மகன் அதே சுற்றுக்குத் தயாரானான். வழி எழுதித் தரச் சொன்னான். எந்த ஓடையை எப்போது தாண்டுவது, கேபிளை எப்படிக் கட்டுவது, பன்வேலில் மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது என்று எட்டுப் பக்கம் எழுதினேன். கோஹிமாவுக்கு நேரே, 'இங்கிருந்து திரும்பிவிடு' என்று போட்டேன். "சித்தப்பா, மோரே?" என்றான். நிலைமையைச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வழியையும் ஒரு தனித் தாளில் எழுதி வாங்கிக்கொண்டான்.