எழுத்து மாறிய செய்தி

2022ஆம் ஆண்டில் ஒருநாள் முதிய தாய் ஒருவர் எமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். காணாமற்போன தன் மகனைப் பற்றி 2006இல் நான் எழுதிய செய்தியின் பிரதி அவருக்குத் தேவைப்பட்டது. "நீங்கள் எழுதினதை ஒருக்கால் எடுத்துத் தாங்கோ, தம்பி" என்றார். பத்திரிகையின் இணையக் களஞ்சியத்தில் திகதியைக் கொடுத்துத் தேடினேன். பக்கம் வந்தது. ஆனால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே நிறைந்திருந்தன.

அக்காலத்தில் எமது செய்திகள் யாவும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின. கணினியைப் பொறுத்தவரை அவை வெறும் ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளிகூட அங்கே ஓர் அரைப்புள்ளிதான். அவற்றை யூனிக்கோடாக மாற்றும் சிறு நிரல் ஒன்று, உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எம்மிடம் இருந்தது. களஞ்சியமோ ஜாவா சேவையகத்தில் இருந்தது. பெயரில் உறவு தெரிந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

நிரலை ஜாவாவில் மீண்டும் எழுதினால் இரண்டு பிரதிகளையும் என்றென்றும் திருத்திக்கொண்டிருக்க நேரும். நோட் சேவையகம் ஒன்றைத் தனியாக வைத்துப் பராமரிக்க ஆளில்லை. எனவே 2016இல் எமது கணினிப் பிரிவுத் தம்பி, அதே நிரலை ஜாவா சேவையகத்துக்குள்ளேயே இயங்கச் செய்தார். அதற்கு உதவியது, 2014இல் ஜாவா 8உடன் வந்த நாஸ்ஹோர்ன் என்னும் இயந்திரம். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்குக் காண்டாமிருகம் என்று பொருள். முதலில் ஓர் இயந்திரத்தையே எல்லாருக்கும் பொதுவாக வைத்தபோது, ஒருவர் கேட்ட செய்திக்குள் இன்னொருவர் கேட்ட செய்தியின் வரிகள் புகுந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே கொடுத்ததும் அது சீரானது.

2018இல் ஜாவா 11 வெளியானபோதே நாஸ்ஹோர்ன் அகற்றப்படும் என அறிவித்திருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் வளரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அதைப் பராமரிப்பது கடினம் என்பதே காரணம். 2020இல் வந்த ஜாவா 15இல் அது இல்லை. நாம் 11இலிருந்து நேரே 17க்குத் தாவினோம். இயந்திரத்தைத் தேடிக் காணாத சேவையகம், மூலத்தை அப்படியே வெளியிட்டுவிட்டது.

"ஜாவா 11 இருந்த காலம் முழுவதும் பதிவேட்டில் எச்சரிக்கை விழுந்திருக்கிறது, சேர். ஒருவரும் வாசிக்கவில்லை" என்றார் தம்பி. எச்சரிக்கைகளை எழுதியே வயிறு வளர்த்தவன் நான். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நாஸ்ஹோர்ன் தனி நூலகமாகவும் கிடைக்கிறது. அதைச் சேர்த்ததும் ஒரு மணித்தியாலத்தில் தமிழ் திரும்பியது. அதுவரை அந்தத் தாய் வாசலருகே காத்திருந்தார். அச்சிட்ட தாளை வாங்கி, மகனின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே பழைய செய்திகள் அனைத்தையும் யூனிக்கோடாக மாற்றிச் சேமித்துவிட்டோம். அவற்றை வாசிக்க இப்போது எந்த இயந்திரத்தின் தயவும் வேண்டியதில்லை. 2016இலேயே செய்திருக்கவேண்டிய வேலை அது.