நானுஓயாவில் ஒரு படகுப் பட்டறை

நானுஓயாவில் இறங்கும் கூட்டத்தில் நானுஓயாவுக்கே வந்தவர்கள் கொஞ்சம்தான். நுவரெலியாவுக்கு ரயில் போவதில்லை. இங்கே இறங்கி எட்டு ஒன்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும். முன்பு இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை சின்னப் பாதையில் ஒரு ரயில் ஓடியது. 1940களில் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கோச்சி நின்றதும் வெளிநாட்டுப் பயணிகளும் புதுமணத் தம்பதிகளும் வேன்காரர்களோடு பேரம் பேசி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடுகிறார்கள். பிறகு ஸ்டேஷனில் குளிரும் மரக்கறி மூட்டைகளும்தான்.

நான் நானுஓயாவுக்கே வந்தவன். தோள்பையில் கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கிய ரிவெட் பெட்டிகளும் பாலியூரிதேன் சீலன்ட் குழாய்களும் இருந்தன. பொடி மெனிக்கே ரயிலில் எதிர் ஆசனத்து அம்மா, பையில் என்ன கலகலக்கிறது என்று கேட்டார். மீன்பிடிப் படகு ஒன்றைச் சரிசெய்யப் போகிறேன் என்றேன். "கடலுக்கு முதுகு காட்டிக்கிட்டுப் போற கோச்சியிலயா?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது நியாயம்தான். மலையகத்து மூதாதையர் கடைசியாக வள்ளத்தில் ஏறியது தமிழ்நாட்டிலிருந்து மன்னாருக்குக் கடல் தாண்டத்தான். அங்கிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023இல் அந்த வருகையின் 200ஆம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி ஒரு நடைபயணம் நடந்தது. மலைக்கு வந்த பிறகு அவர்கள் கையில் கோடாரியும் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வந்தன; துடுப்பு வரவில்லை.

ஆனால் தண்ணீர் வந்தது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் நுவரெலியாவில் வாவி கட்டினார்கள். 1880களில் துரைமார் தூண்டில் போட்டு விளையாட மலை ஓடைகளில் டிரவுட் மீன் விட்டார்கள். 1960களில் மின்சாரத்துக்காகக் காசல்ரி, மவுசாகலை அணைகள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலைக்குள் மூழ்கியது. வறட்சியில் நீர் வடிந்தால் அதன் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் தலை காட்டும். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டமும் இயங்கத் தொடங்கியது. இப்படி லயத்து வாசலுக்கே நீர் வந்துவிட்ட ஊர்களில் பையன்கள் வலை போடப் பழகிக்கொண்டார்கள். 1952இல் இந்த நாட்டுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா அவர்களுக்குக் கறியும் கைச்செலவும் ஆனது. படகு கட்டுகிற ஆசாரிதான் இந்த மலையில் யாருமில்லை.

அந்த இடத்துக்குத்தான் என் நண்பனின் அண்ணன் வந்து சேர்ந்தார். தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து மொழியில் சொன்னால் ஸ்டோரில், பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நானுஓயாவில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மரக்கறிக்காரர்களின் தண்ணீர் பம்புகளைச் சீர்செய்து வருகிறார். அவருடைய மருமகன் நோர்வூட்டில் இருந்துகொண்டு காசல்ரியில் வலை போடுபவன். இரவல் வள்ளத்தில் பாதி மீனைப் பங்காகக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்காக, அண்ணன் பழைய இரும்புக் கடையிலிருந்து பன்னிரண்டு அடி அலுமினியப் படகு ஒன்றை எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார்.

கொட்டகையில் அது கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகத்தில் நசுங்கல்கள், பின்பக்கம் உளுத்துப்போன பலகை, உள்ளே யாரோ அப்பி வைத்த தார். எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தொடங்குறதுக்கு முன்னாடி எதெல்லாம் செய்யப் போறதில்லன்னு முடிவு பண்ணணும் தம்பி. காசு மிஞ்சுறது அங்கதான்" என்றார்.

அவர் தள்ளிவைத்த முதல் வேலை நசுங்கலை நிமிர்த்துவது. அலுமினியத்தைத் தட்டத் தட்ட அது இறுகும், இறுகினால் வெடிக்கும். நசுங்கிய இடத்தில் ஓட்டை இல்லையென்றால் தண்ணீருக்கு அதனால் ஒன்றுமில்லை. இரண்டாவது வெல்டிங். இங்குள்ள கடைகளில் இரும்புக்கு வெல்டிங் வைப்பார்கள். மெல்லிய அலுமினியத்துக்கு ஆர்கன் வாயு வேண்டும், பழகிய கை வேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஒக்சைட் தோல் உருக 2000 பாகைக்கு மேல் போக வேண்டும். தோல் உருகுமுன் உடம்பு ஒழுகிவிடும். மூன்றாவது எஞ்சின். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாளை மீன்பிடிக்கிறவர் எவரும் மறக்கவில்லை. துடுப்பே போதும் என்று மருமகனும் ஒப்புக்கொண்டிருந்தான்.

செய்யப் போகும் வேலை ரிவெட்டில் இருந்தது. இந்த வகைப் படகுகள் ஆகாய விமானத்தின் வாரிசுகள். 1944இல் அமெரிக்காவின் கிரம்மன் விமான நிறுவனத்து அதிகாரி வில்லியம் ஹொஃப்மன், கித்தான் போர்த்திய மர ஓடம் ஒன்றைக் காட்டுவழியே தோளில் சுமந்து அலுத்துப்போய், விமானத் தகட்டில் செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்த கையோடு அந்த நிறுவனம் அலுமினிய ஓடங்களை விற்கத் தொடங்கியது. தகட்டோடு தகட்டை ரிவெட் அடித்துச் சேர்க்கும் விமானத் தொழில் அப்படியே படகுக்கு வந்தது. படகு கிழடாகும்போது முதலில் தளர்வதும் அந்த ரிவெட்தான்.

எது தளர்ந்தது என்று கண்டுபிடிக்க வழி எளிது. படகை நிமிர்த்தி மரக்குதிரைகளில் ஏற்றி, உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே சொட்டும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட வேண்டும். நான் குழாயைத் திறந்துவிட்டு நிறையட்டும் என்று நின்றேன். அண்ணன் நாலு விரல் உயரத்திலேயே மூடிவிட்டார். பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலப் படகில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றாலே நூற்றுக்கணக்கான கிலோ பாரம். மிதக்கும்போது அந்தப் பாரத்தை வெளித்தண்ணீர் தாங்கும். குதிரையில் நிற்கும்போது தாங்க ஆளில்லை, தகடு வளைந்துவிடும்.

வட்டம் விழுந்த ரிவெட்டுகளில் பாதிக்கு மேல் புதிது தேவைப்படவில்லை. வெளியே தலையில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டியது நான். உள்ளேயிருந்து சுத்தியலால் அளவான அடி வைப்பது அவர். ஒவ்வொன்றும் இறுகும்போது சத்தம் மாறும். ஸ்டோரில் மெஷின்களோடு வாழ்ந்த காது அதைப் பிடித்துவிடுகிறது. அறுந்துபோனவற்றுக்குத்தான் கொழும்பு ரிவெட். பீலிக்கும் கூரைக்கும் அடிக்கிற சாதாரண பொப் ரிவெட்டில் நடு ஆணி முறிந்ததும் துளை மிஞ்சும்; அதன் வழியே நீர் வரும். முனை மூடிய வகையில் அந்தத் துளை இல்லை. ஒவ்வொன்றையும் சீலன்ட்டில் தோய்த்து அடித்தோம். கிழிந்திருந்த ஓரிடத்துக்கு ஒட்டு வைக்க, படகின் உடைந்த ஆசனத் தகட்டையே வெட்டினார். ஒரே உலோகம், ஒரே வயது. ஒன்றை ஒன்று அரிக்காது.

நானுஓயாவின் வானிலை இந்த வேலையில் ஒரு கூட்டாளி. கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கு மேலே, பகலிலேயே மூடுபனி கொட்டகைக்குள் வந்து போகும் ஊர். பாலியூரிதேன் சீலன்ட் காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுவது, அதற்கு இந்தப் பனி வசதி. எபொக்சி பசைக்கோ குளிர் ஆகாது. கொழும்பில் ஓர் இரவில் காய்வது இங்கே நாட்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். பின்பலகைக்கு இரண்டு ஒட்டுப்பலகைகளைப் பசை வைத்து இறுக்கியதும், அண்ணன் உரப்பைகளைத் தைத்துக் கூடாரம் போல மூடி, உள்ளே பழைய குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டார்.

ஒட்டுப்பலகையும் அலுமினியமும் தேயிலைக்காரனுக்குப் புதிய சோடி அல்ல. கடதாசிப் பைகள் வருமுன் தேயிலை கப்பலேறியது ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான். உள்ளே அலுமினியத் தாள், விளிம்பில் தகரப் பட்டி. காலிக்கு அருகே கிந்தோட்டைத் தொழிற்சாலையில் அந்தப் பெட்டிகளைச் செய்தார்கள். ஈரம் பலகையின் வெட்டு விளிம்பு வழியாகத்தான் புகும் என்பதை அண்ணன் அந்தப் பெட்டிகளில் கற்றிருந்தார். பின்பலகையின் நாலு விளிம்பிலும், போல்ட் போகும் ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் பசையைக் குடிக்க வைத்த பிறகுதான் பொருத்தினார். யாழ்ப்பாணத்தில் காரைநகர் சீநோர் தளம் ஒரு தலைமுறைக்கு ஃபைபர் கிளாஸ் படகு கட்டக் கற்றுக்கொடுத்தது. மலைக்கு அப்படியொரு தளம் வாய்க்கவில்லை. ஸ்டோர்தான் இவருக்குப் படகுத் தளம்.

அலுமினியத்துக்கு விரோதிகள் உண்டு. செம்பு தலையாயது. ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால் மின்கலம் போல வேலை நடந்து அலுமினியம் கரையும். ஒரு செப்புக் காசு அடியில் விழுந்து கிடந்தாலும் காலப்போக்கில் அங்கே குழி விழும். செம்பு மருந்தேற்றிய மரம் கூடாது. வலையின் ஈயக் குண்டுகளை ஈரத்தோடு படகில் போட்டுவைக்கக் கூடாது. இரும்புக்குப் பூசும் சிவப்பு ஈயப் பூச்சும் கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அடியில் நைலோன் வொஷர் வேண்டும். மருமகனை உட்கார வைத்து இதையெல்லாம் ஒப்பிக்கச் சொன்னார் அண்ணன்.

"அப்ப என்ன பெயின்ட் அடிக்கிறது மாமா?"

"ஒண்ணும் அடிக்கிறதில்ல."

காற்றுப் பட்டதும் அலுமினியம் தனக்குத் தானே ஒரு தோல் போட்டுக்கொள்கிறது. நன்னீரில் அந்தத் தோலே போதும். வர்ணம் அழகுக்குத்தான். அதையும் எட்ச் பிரைமர் இல்லாமல் அடித்தால் செதில் செதிலாக உரியும். மருமகனுக்கு முகம் வாடியது. நீலத்தில் பெயர் எழுத ஆசைப்பட்டிருந்தான். பெயின்ட்டுக்கு ஒதுக்கியிருந்த காசில் அண்ணன் இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கினார். லயத்துப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் அரிது. காசல்ரித் தண்ணீரோ குளிர். இந்த வரவு செலவில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

மிதவைக்கும் காசு போகவில்லை. ஆசனங்களுக்கு அடியில் இருந்த பழைய நுரை தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது, பிடுங்கி எறிந்தோம். அறுபது கிலோ அலுமினியம் முழுதாக மூழ்கினால் இருபத்திரண்டு லீட்டர் நீரைத்தான் தள்ளும். அதாவது மிதவை இல்லாமல் தண்ணீர் புகுந்தால் படகு கல்தான். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் ஒன்றை இறுக மூடினால் ஒன்றரை கிலோவைத் தூக்கும். நாற்பது போத்தல் அறுபது கிலோ. கடைத்தெருப் பிள்ளைகள் அதற்கு மேலேயே பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஆசனங்களுக்குள் நெருக்கி அடுக்கி, வலைத்துண்டால் இறுக்கிக் கட்டினோம்.

கணக்குப் பார்த்தபோது பெரும்பங்கு ஒட்டுப்பலகை, எபொக்சி, சீலன்ட் இவற்றுக்கே போயிருந்தது. எங்கே நீரைத் தடுக்க வேண்டுமோ அங்கே உயர்ந்த சரக்கு. மற்ற இடத்தில் கை உழைப்பு அல்லது ஒன்றுமே இல்லை.

படகைக் கவிழ்த்து லொறியில் கட்டி, லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை, அட்டன் என்று இறங்கினோம். வழிநெடுக இதே கேள்வி: "என்னாங்க, வெள்ளம் வருதா?" சென் கிளேயர் அருவியைக் காட்டி, மேல் கொத்மலைக்குப் பிறகு நீர் குறைந்துவிட்டது என்றான் சாரதி. டிக்கோயா தாண்டியதும் தேயிலை மலைகளின் காலடியில் காசல்ரி விரிந்தது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி படகைப் பதிய வேண்டும், பிடிக்க உரிமம் வேண்டும். அதற்கான தாள்களை மருமகன் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

கரையில் நின்ற பையன்கள் தூக்கிவிட்டார்கள். நாங்கள் தள்ளிய சற்று நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய மிதவை விமானம் ஒன்று நீரைக் கிழித்து இறங்கியது. கரை முழுக்க அதைப் பார்த்தது. விமானத்தின் வயிற்றிலும் வரிவரியாக ரிவெட். அண்ணன் மட்டும் எங்கள் படகுக்குள் முழங்காலிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டு போனார். முன்பக்கம் ஒரு ரிவெட் மட்டும் வியர்த்திருந்தது. பென்சிலை எடுத்து வட்டம் போட்டார்.

திரும்பக் கரைக்கு ஏற்றி அடிக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி வந்தா அது ஓட்டை இல்ல, செலவு. அள்ளி ஊத்திட்டு வலையப் போடட்டும்" என்று சொல்லி இறங்கி, மருமகனிடம் துடுப்பைக் கொடுத்தார்.