படிவத்தின் ஓரம்

வேலூர். கத்திரி வெயில். காலை ஒன்பது மணிக்கே தாழ்வாரத்து சிமெண்ட் பெஞ்சு சுடுகிறது. நெஞ்சுநோய்ப் பிரிவின் வாசலில் வரிசை. பாதிக்கு மேல் பெண்கள்.

பெஞ்சின் முனையில் அறுபது வயதுக்காரி ஒருத்தி. முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றியிருக்கிறாள். விளக்கை ஊதி அணைப்பதுபோல் உதடு குவித்து மூச்சை விடுகிறாள். இழுப்பது கொஞ்சம். விடுவது நீளம். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குகிறது.

பக்கத்தில் மருமகள். மடியில் மஞ்சப்பை. கையில் பனையோலை விசிறி, மாமியாரின் முகத்துக்கு நேராக. கை ஓய்ந்தால் மாமியார் திரும்பிப் பார்க்கிறாள். விசிறி மறுபடி அசைகிறது.

சிஸ்டர் படிவம் நிரப்புகிறார்.

"பீடி, சிகரெட்?"

"அய்யய்யோ, இல்லம்மா."

கட்டத்தில் 'இல்லை'. பேனா அங்கேயே நிற்கிறது.

"என்ன அடுப்பு ஆயா?"

"விறகுதான். கண்ணாலம் ஆனதுலருந்து."

"எத்தினி வருசம்?"

விரல்கள் மடங்குகின்றன. "பெரியவனுக்கே நாப்பத்தொண்ணு."

விறகடுப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. சிஸ்டர் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக் கோடிடுகிறார்.

விரலில் கிளிப். ஆக்சிஜன் 91.

பையிலிருந்து மருந்து இழுக்கும் பம்ப் வருகிறது. தொட்டால் சூடு. வீட்டில் அதன் இடம் ஜன்னல் திட்டு. மதிய வெயில் விழும் இடமும் அதுவே. டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கூரை சிமெண்ட் ஷீட்டு. குளிர்ந்த மூலை எது? மருமகள் யோசிக்கிறாள். "தண்ணிப் பானைக்குப் பின்னால, தரையோட." ஈரம் படாமல், டப்பாவோடு.

காலி பம்பில் பழக்கம். குலுக்கல். மூச்சை முழுக்க விடல். அழுத்தி, மெல்ல இழுத்து, அடக்கல். சிஸ்டர் பத்து விரலையும் நீட்டி ஒவ்வொன்றாக மடக்குகிறார். ஆறில் இருமல். மறுபடி. ஏழில் இருமல். மூன்றாவது முறை எட்டு.

"மருந்து இழுத்ததும் வாய் கொப்புளிச்சித் துப்பணும் ஆயா."

டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்க்கிறார். குழி விழவில்லை. அப்படியானால் தண்ணீர் தாராளமாக, வாய் வாயாக. வேர்த்து உடம்பு வற்றினால் சளி இறுகிவிடும். பதினொன்றிலிருந்து நான்குவரை வெளியே வேண்டாம். சளி பச்சையானால் வர வேண்டும். உதடு நீலமானால், பேச்சு வராவிட்டால் 108.

"கேஸ் இல்லியா?"

"கீது சார். டீக்கு மட்டும்." மருமகளுக்கு ஷூ கம்பெனி பஸ் ஏழரைக்கு. மதியச் சோறு மாமியார் கையால், விறகில், உச்சிவெயிலில். பேரப்பிள்ளைகளுக்கு லீவு.

"உலையை நீ பஸ்ஸுக்கு முன்னாடி கேஸ்ல ஏத்திடு."

மருமகள் கணக்குப் போடுகிறாள். இரண்டு மாதம் வரும் சிலிண்டர் ஒரு மாதம்கூட வராது. இணைப்பு இலவசமாக வந்தது. நிரப்புவது இலவசமில்லை.

வெளியே வேப்பமர நிழலில் மருமகள் போனை எடுக்கிறாள். சிலிண்டர் பதிவு எண்ணை அழுத்துகிறாள்.

"எதுக்குடி இப்ப," என்கிறாள் மாமியார். உதடு குவிகிறது. ஒரு மூச்சு. இன்னொன்று. "விறகு கெடக்குதில்ல."

"நீ பேசாத அத்தை." அடுத்த எண்ணை அழுத்துகிறாள்.